மரகதத்தின் மாலை நடையும் நான் தின்ற சோறும்

பிரசவ வார்டுக்குப் புதிதாக வந்திருக்கும் பெண்களே, ஓய்வு பெற்றுப் போன இந்த அக்காவைப் பற்றி உங்களிடம் யாராவது ஒரு கதை சொல்லியிருப்பார்கள். கர்ப்பிணிப் பெண்களிடம் தினமும் சோறு வாங்கித் தின்ற நர்ஸ் என்று. அடுத்தவர் வாயால் கேட்பதைவிட என் வாயாலேயே கேட்டுவிடுங்கள். அந்தக் கதை முக்கால்வாசி உண்மை. மீதிக் கால்வாசிக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் கருமத்தம்பட்டியில் பத்துப் படுக்கை போட்ட ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரியில் நான் ஸ்டாஃப் நர்ஸ். வயது முப்பத்தி நாலு. வேலை நன்றாகத் தெரியும். தெரியும் என்கிற திமிரும் கூடவே இருந்தது. கோபம் எப்போதும் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும். எங்கள் டாக்டரம்மா எனக்கு நேர் எதிர். சின்ன விஷயத்துக்கெல்லாம் வாய்விட்டுச் சிரிப்பார், பெரிய விஷயம் வந்தால் குரல் தணிந்துவிடும். அவர் மெதுவாகப் பேசினாலே நாங்கள் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவோம்.

மரகதம் மூன்றாம் மாதத்தில் எங்களிடம் வந்தாள். பன்னிரண்டு தறி ஓடும் வீட்டு மருமகள். எடை மெஷினில் ஏறி நின்றதும் முள் எண்பத்தாறில் போய் நின்றது. அவள் முள்ளைப் பார்க்காமல் சுவரில் மாட்டியிருந்த குழந்தைப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முதல் பிள்ளை எட்டாம் மாதத்தில் போய்விட்டது. பிரஷர் ஏறி, கோயமுத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தும் காப்பாற்ற முடியவில்லை. அங்கே யார் மேலும் தப்பில்லை, போனதே தாமதம். ஆனாலும் அந்த வராண்டாவில் மறுபடி கால் வைக்க அவள் தயாராக இல்லை.

"எத்தனை ஊசி வேணாலும் போடுங்க, தாங்கிக்கறேன். அங்க மட்டும் மறுக்கா அனுப்பிப்போடாதீங்க" என்று டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டரம்மா மெதுவாகத்தான் பேசினார். இப்போது எடையைக் குறைக்கிற நேரம் இல்லை, பட்டினி கிடக்கவே கூடாது, ஆனால் பிரசவம் வரைக்கும் ஆறேழு கிலோவுக்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், தினமும் அரைமணி நேரம் நடக்க வேண்டும், எடையும் பிரஷரும் சர்க்கரையும் சொன்னபடி கேட்டால் இங்கேயே பிரசவம் பார்க்கலாம், கேட்காவிட்டால் அந்தப் பெரிய ஆஸ்பத்திரிதான் என்றார். கூட வந்திருந்த மாமியார், ரெண்டு உசுருக்குச் சாப்பிட வேண்டியவளாயிற்றே என்று தயங்கினார். "ரெண்டு உசுருதாங்க. ஆனா அதுல ஒண்ணு இன்னும் உங்க உள்ளங்கையளவுதான் இருக்குது" என்று டாக்டரம்மா சிரித்தார். மாமியார் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

சாப்பாட்டுத் தாள் எழுதிக் கொடுத்தது நான். சோறு பாதி, காய் இரட்டிப்பு, காலையில் ராகி, நடுவில் மோர், பாசிப்பயறு சுண்டல், சாயங்காலம் நடை. கடைசி வரியை மட்டும் சிவப்பு மையில் எழுதி அடிக்கோடும் போட்டேன். 'யார் பலகாரம் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லவும்.' இந்த ஊரிலேயே பிறந்து, இந்த ஊரிலேயே வாக்கப்பட்டவள் அப்படி ஒரு வரியை எழுதினேன் என்றால் எனக்கு எவ்வளவு படிப்பு ஏறியிருந்தது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த மாதம் மூன்று கிலோ ஏறியிருந்தது. மெஷின் மேல் சந்தேகப்பட்டு நானே ஏறி நின்று பார்த்தேன். அது என் எடையைச் சரியாகவே சொன்னது, எனக்குத்தான் பிடிக்கவில்லை. அதற்கடுத்த மாதம் இன்னும் இரண்டு. பிரஷர் கொஞ்சம் மேலே. சர்க்கரை கோட்டுக்கு ஒரு விரல்கடை கீழே. டாக்டரம்மா குரல் தணிந்து, இன்னும் மூன்று வாரம் பார்க்கலாம், அதற்கப்புறம் கோயமுத்தூருக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்றார்.

வெளியே வந்ததும் நான் மரகதத்தைப் பிடித்துக்கொண்டேன். வீட்டில் அளவாகச் சாப்பிடுகிறாளா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். நடக்கிறாளா என்றேன்.

"தெனமும் பொழுதோட நடக்கறனுங்க சிஸ்டர்."

"நடந்தா இப்படி ஏறுமா? என்கிட்டயே பொய் சொல்றீங்களே அம்மணி" என்றேன். காத்திருந்த எட்டுப் பெண்களுக்கும் கேட்கிற குரலில்தான் சொன்னேன்.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அவள் முகம் போன போக்கு வீட்டுக்குப் போயும் என்னை விடவில்லை. மறுநாள் சாயங்காலம் டாக்டரம்மாவிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, கையும் களவுமாகப் பிடித்துவிடுகிற எண்ணத்தோடு அவள் வீட்டு வாசலில் போய் நின்றேன். வாங்க நடக்கலாம் என்றேன். இருவரும் கிளம்பினோம்.

நான் எண்ணிக்கொண்டே நடந்தேன். நாற்பதாவது அடியில் ஒரு மொபெட் வந்து குறுக்கே நின்றது. ஓட்டி வந்தவர் அவளுக்கு ஏதோ ஒரு வழியில் பெரியப்பா முறை.

"ஏனுங்க அம்மணி, வாயும் வயிறுமா இருக்கறப்ப நடந்து போறதுங்களா? ஏறுங்க, கொண்டுபோய் உட்டுப்போட்டு வாரேன்."

டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார் என்று நான் முன்னால் போய்ச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"நல்லா நடக்கட்டுங்க. எங்கூடு வரைக்கும் வண்டில வந்துட்டு அப்பறமா நடக்கட்டுங்க."

அவளை ஏற்றிக்கொண்டு வண்டி போய்விட்டது. நான் பின்னாலேயே ஓடினேன். அந்த வீட்டுக்குள் நுழையும்போது மரகதத்தின் முன்னால் தட்டு வந்துவிட்டிருந்தது. தட்டில் ஒப்புட்டு, அதாவது போளி, அதன் மேல் நெய். வாயும் வயிறுமாக வந்த பெண்ணை வெறும் வாயோடு அனுப்புகிற வீடு இந்தப் பக்கத்தில் இன்னும் கட்டப்படவில்லை. அவள் 'வேண்டாமுங்க' என்றாள், என் தாளில் எழுதியிருந்தபடியே, என் கண் முன்னால். ஆனால் எங்கள் பக்கத்தில் 'வேண்டாமுங்க' என்பது மறுப்பு இல்லை, மரியாதை. ஒரு தடவை சொன்னால் கூச்சம். இரண்டு தடவை சொன்னால் நல்ல வளர்ப்பு. மூன்றாவது தடவை சொல்வதற்குள் தட்டில் இன்னொன்று விழுந்துவிடும். நானும் மூன்று தடவை சொன்னேன். இரண்டு ஒப்புட்டு தின்றேன்.

அங்கிருந்து கிளம்பி அறுபது அடி நடப்பதற்குள் அடுத்த வண்டி. அந்த வீட்டில் கடலை உருண்டையும் காபியும். அதற்கடுத்து வண்டி வரவில்லை, ஒரு வாசலிலிருந்து சத்தம் மட்டும் வந்தது. எங்கூடு மட்டும் ஆகாதுங்களா என்றார்கள். அங்கே வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயம். ஒரு மணி நேரத்தில் நான்கு வீடு, மொத்தமாக நூற்றி எண்பது அடி. அந்தப் பெண் இரண்டு மாதமாக ஒரு நாள் தவறாமல் நான் எழுதிக் கொடுத்த நடையை நடந்திருக்கிறாள். நான் எழுதிக் கொடுத்த நடைதான் அவளைக் குண்டாக்கியிருக்கிறது.

சாக்கடைப் பாலத்துச் சுவரில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை. வயிறு முழுக்க ஒப்புட்டு வேறு. மரகதமும் சிரித்தாள். சிரித்து முடித்ததும், "நான் சொன்னனுங்களே சிஸ்டர், நடக்கறேன்னு" என்றாள். நான் அந்த இடத்திலேயே அவளிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். சிரிப்போடு சிரிப்பாக விட்டுவிட்டேன். அது எவ்வளவு பெரிய தப்பென்று அப்புறம் சொல்கிறேன்.

அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் அதைப் பார்த்தேன். ஒரு தறிக்காரரின் சம்சாரம் கையில் தூக்குப்போசியோடு எங்களைக் கடந்து வேகமாகப் போனாள். பிடி வைத்த சோற்றுப் பாத்திரத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அதே மொபெட் பெரியப்பா அவளைப் பார்த்து வண்டியை ஓரம் கட்டி வழிவிட்டார். எங்களைச் சத்தம் போட்டுக் கூப்பிட்ட அதே வாசலம்மா தலையை மட்டும் ஆட்டினார். யாரும் நிறுத்தவில்லை, யாரும் கூப்பிடவில்லை. தூக்குப்போசி போகிறது என்றால் அந்தப் பக்கம் யாரோ பசியோடு காத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பசியோடு இருக்கிறவனுக்குப் போகிற சோற்றை வழியில் நிறுத்துகிற பாவத்தை எங்கள் ஊரில் யாரும் செய்ய மாட்டார்கள்.

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மரகதத்தின் வீட்டுக்கே திரும்ப ஓடினேன். நாளையிலிருந்து கையில் ஒரு தூக்குப்போசியோடு ஆஸ்பத்திரி வரைக்கும் நடந்து வரட்டும், முக்கால் கிலோமீட்டர்தான், யார் கேட்டாலும் சோறு கொண்டு போகிறேன் என்று சொல்லட்டும், உள்ளே ஒன்றும் வேண்டாம் என்றேன். மாமியார் அரண்டுபோனார். பிள்ளைத்தாச்சி வெறும் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு தெருவில் போவதா, நடக்காது என்று சொல்லிவிட்டார். சரி, ஏதாவது கொஞ்சம் போட்டுக் கொடுங்கள் என்று அவசரத்தில் ஒத்துக்கொண்டேன்.

அந்த அம்மாவிடம் 'கொஞ்சம்' என்று சொன்னது என் வாழ்க்கையில் நான் செய்த இரண்டாவது பெரிய தப்பு.

மறுநாள் ஐந்தரைக்கு மரகதம் வந்து நின்றாள். முகமெல்லாம் வேர்வை, வாயெல்லாம் சிரிப்பு. ஒருத்தரும் நிறுத்தவில்லையாம். மொபெட் பெரியப்பா ஹாரன் அடித்து மாட்டை விரட்டி வழி பண்ணிக் கொடுத்தாராம். போசியைத் திறந்தேன். அரிசிம்பருப்புச் சோறு, விளிம்பு வரைக்கும், நடுவில் குழி பறித்து நெய். நல்ல சோற்றைக் கொட்ட மனசு வருமா? நானும் வார்டு ஆயாவும் சாப்பிட்டோம். அடுத்த நாள் இடியாப்பம் மாதிரிப் பிழிந்த சந்தகையும் தேங்காய்ப்பாலும். அதற்கடுத்த நாள் உப்பு சரியாக இருந்ததா என்று அத்தை கேட்டு வரச் சொன்னார்கள் என்றாள். மாமியாருக்குத் தேவைப்பட்டது ஊட்டுவதற்கு ஒரு வாய். அந்த வாய் நானாகிப் போனேன். என் பக்கம் கரண்டி திரும்பியதும் மருமகளின் தட்டை விட்டுவிட்டார். அதில் சோறு பாதியானது, கீரை ஏறியது, ராகி வந்தது. இரண்டு மாதம் நான் தாளில் எழுதி நடக்காதது ஒரே வாரத்தில் நடந்தது.

திரும்பிப் போகும்போது கூட நடக்க அவள் புருஷன் வந்தார். சென்னியப்பன் என்று பேர். பேசவே மாட்டார். தறிச் சத்தத்தில் வளர்ந்தவர்களில் சிலர் அப்படி. அவளும் அவரும் காலி போசியோடு தெருவில் பக்கத்தில் பக்கத்தில் நடந்து போனதை ஜன்னல் ஜன்னலாக நின்று பார்த்தார்கள். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அப்படி நடந்ததே இல்லை என்று மரகதம் என்னிடம் வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னாள்.

மூன்று வாரம் கழித்து முள் முன்பு நின்ற இடத்திலேயே நின்றது. டாக்டரம்மா கோயமுத்தூர் கடிதத்தை எழுதவில்லை. நான் ஆயாவைக் கட்டிக்கொண்டு ஆடினேன்.

இதற்குள் ஊரில் கதை கிளம்பிவிட்டது. பிள்ளைத்தாச்சிப் பெண் தினமும் யாருக்குச் சோறு சுமக்கிறாள் என்று துப்புத் துலக்கியிருக்கிறார்கள். அந்தச் சிஸ்டருக்காம். சோறு கொடுத்தால்தான் பிரசவம் நல்லபடியாகப் பார்ப்பாளாம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆராதனை முடிந்து வெளியே வரும்போது பாஸ்டரம்மா என்னை ஓரமாக அழைத்து, வீட்டில் சமைக்க முடியாதபடி ஏதாவது கஷ்டமா என்று கேட்டார். என் கணவரைப் பள்ளிக்கூடத்தில் சக ஆசிரியர்கள் பரிதாபமாகப் பார்த்தார்களாம். கடைசியில் டாக்டரம்மாவே கூப்பிட்டு, உண்மையா என்று கேட்டார். நான் விஷயத்தைச் சொல்லிவிட்டு, ஊரில் எல்லோருக்கும் உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன் என்று கத்தினேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சொல்லுங்க. நாளைக்கே அந்தப் புள்ள முன்னாடி மறுபடியும் மொபெட் நிக்கும்" என்றார்.

நான் வாயை மூடிக்கொண்டேன். சோற்றுச் சிஸ்டர் என்ற பேரோடு மூன்று மாதம் ஊருக்குள் நடமாடினேன். மரகதத்துக்கு ஏறாத கிலோவில் நான்கு எனக்கு ஏறியது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மூன்று மாதம்போல் சந்தோஷமாக நான் வேலை பார்த்ததே இல்லை.

இப்போது அந்தத் தப்புக்கு வருகிறேன். ஒன்பதாம் மாதம் முடியப்போகும் நேரம். ஒரு நாள் சாயங்காலம் மரகதம் வழக்கம்போல் போசியைக் கொடுத்தாள், சிரித்தாள், போனாள். மறுநாள் காலை ஏழு மணிக்கு சென்னியப்பன் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றார். சட்டைப் பொத்தான் மாறி மாறிப் போட்டிருந்தது.

"நேத்து மத்தியானத்துல இருந்தே தலவலிங்க சிஸ்டர். கண்ணு முன்னால பூச்சி பறக்குதுங்கறா. உங்ககிட்டச் சொல்ல மாட்டேங்கறா."

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நடக்கறதுக்குச் சோம்பப்பட்டுப் பொய் சொல்றேன்னு நெனச்சுக்குவீங்களாம்."

நாலு மாதமாகத் தினமும் என்னைப் பார்த்துச் சிரித்த பெண் 'பொய்' என்று நான் சொன்ன அந்த ஒரு வார்த்தையை உள்ளேயே வைத்திருந்திருக்கிறாள். தலைவலியோடு முக்கால் கிலோமீட்டர் நடந்து வந்து எனக்குச் சோறு கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். அந்தச் சோற்றை நான் ருசித்துத் தின்றிருக்கிறேன்.

அரைமணியில் அவளை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தோம். பிரஷர் ஏறியிருந்தது. டாக்டரம்மா குரல் தணிந்தது. குழந்தை முழுசாக வளர்ந்துவிட்டது, இதயத்துடிப்பு நன்றாக இருக்கிறது, மருந்து கொடுத்து இங்கேயே பிரசவத்தைத் தொடங்கலாம், கார் வாசலிலேயே நிற்கட்டும், பிரஷர் நான் சொல்கிற கோட்டைத் தாண்டினால் ஒரு நிமிஷமும் யோசிக்காமல் கோயமுத்தூர் என்றார். மரகதம் என் புடவையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எல்லாம் என் தப்பு டாக்டர் என்று நான் ஆரம்பித்தேன்.

"உங்க தப்ப நாளைக்குப் பேசிக்கலாம். இப்ப பிரஷரைப் பாருங்க" என்றார்.

பார்த்தேன். கால்மணிக்கு ஒரு தடவை பார்த்தேன். நடுவில் ஒருமுறை முள் அந்தக் கோட்டைத் தொட்டது. நான் டாக்டரம்மாவைப் பார்த்தேன். அவர் வாசலில் நின்ற காரைப் பார்த்தார், இன்னொரு ஊசி போட்டார், பத்து நிமிஷம் என்றார். அந்தப் பத்து நிமிஷத்தில் மரகதத்தின் காதருகில் குனிந்து, உங்களுக்கு என்ன செய்தாலும் உடனே சொல்லுங்கள், நீங்கள் சொல்வது எதுவானாலும் நான் நம்புவேன் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். முள் இறங்கியது. அதற்கப்புறம் அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். வலிக்கிறது என்றாள், கண் தெளிவாக இருக்கிறது என்றாள், தாகம் என்றாள், குழந்தை இறங்குகிறது என்றாள். சொன்னதெல்லாம் நிஜம். நான்கு மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிறந்த உடனே தறிப்பட்டறைக்கே கேட்கிற மாதிரி கத்தியது. டாக்டரம்மா சத்தமாகச் சிரித்தார். வெளியே மாமியாரின் அழுகையும் சிரிப்பும் ஒன்றாகக் கேட்டன. மூன்று கிலோவுக்கு மேல் இருந்த அந்தப் பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு நான் வேலை பார்க்கிறவள் என்பதையே மறந்து அழுதேன்.

பெண்களே, இந்த வேலையில் நீங்கள் நிறையத் தாள்கள் எழுதிக் கொடுப்பீர்கள். எடை ஏறினால் கோபமும் வரும். அன்றைக்கு அப்புறம் நான் யாரிடமும் நடந்தீர்களா என்று கேட்டதில்லை. எந்த வழியாக நடந்தீர்கள், வழியில் யார் யாரைப் பார்த்தீர்கள், என்ன கொடுத்தார்கள் என்று கேட்பேன். குண்டான பெண்கள் நம்மிடம் வருவதற்கு முன்பே நூறு பேரிடம் பேச்சு வாங்கியிருப்பார்கள். நூற்றியோராவது ஆளாக நாம் இருந்துவிட்டால், நமக்குத் தெரிந்தே ஆக வேண்டிய நாளில் அவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள்.

பிரஷர் அடங்கி, மரகதத்தை வார்டுக்கு மாற்றியபின் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். நாலு மாதம் தாமதமாக, அன்றைக்கு உங்களைப் பொய் சொல்கிறீர்கள் என்று சொன்னது தப்புங்க அம்மணி, எட்டுப் பேர் முன்னால் சொன்னது அதைவிடத் தப்பு, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவள் குழந்தையின் துணியை இழுத்துச் சரிசெய்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

"இப்ப ஒண்ணு சொன்னா நம்புவீங்களா சிஸ்டர்?"

"சொல்லுங்க அம்மணி, என்னன்னாலும் நம்பறேன்."

"எனக்கு ரொம்பப் பசிக்குதுங்க."

டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டுச் சமையல்கட்டுக்கு ஓடினேன். சுடச்சுட இட்லி கொண்டுவந்து நானே பிட்டு ஊட்டினேன். எத்தனை சாப்பிட்டாள் என்று கேட்காதீர்கள், நான் எண்ணவில்லை.